சட்டை நுனியை இழுத்துவிடும் பெண்கள்

டென்மார்க் தேசத்தில், கடலோரமாக இருந்த ஏதோ ஒரு சிறிய ஊரில், ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண், அதுவரை தன் உடம்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் நினைத்திராதவள், திடீரென்று தன் மேல்சட்டையின் நுனியைப் பிடித்து வயிற்றுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். சரியாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்தவள் மறுபடி இழுத்துவிட்டாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள், அதே சட்டையைப் போட்டிருந்த இன்னும் இரண்டு பெண்கள் அவளைப் போலவே இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள். அந்தச் சட்டை திருப்பூரில், சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் தைத்தது.

சட்டையின் நீளம் போதவில்லை போலிருக்கிறது, வாடிக்கையாளர்கள் ஓயாமல் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள் என்று, சரக்கை வாங்கி அங்கே விற்கும் டென்மார்க் பையர் மெயில் அனுப்பியிருந்தார். வெளிநாட்டுக் கடைக்காரர்களோடு பேசி ஆர்டர் பார்க்கிற வேலை நவநீதனுடையது. அவன் அதை வாசித்துக் காட்டியதும் முதலாளி சென்னியப்பன் டேப்பை எடுத்துத் தானே அளந்தார். நீளம் சொன்னபடி இருந்தது, ஒரு நூல்கூடக் குறையவில்லை. கேட்கிறார்கள், கொடுத்துத் தொலைப்போம் என்று அடுத்த பெட்டிகளில் ஓர் அங்குலம் கூட்டித் தைத்து அனுப்பினார்கள், அதையும் இழுத்தார்கள். இன்னோர் அங்குலம் கூட்டினார்கள். தொடை வரைக்கும் வந்துவிட்ட சட்டையை அந்த ஊர்ப் பெண்கள் முழங்காலுக்கு இழுக்கப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த மெயில்களில் நீளத்தைப் பற்றிய பேச்சே இல்லை. இந்தச் சட்டையைப் போட்டவர்கள் சோபாவில் உட்கார்ந்ததும் மடியில் தலையணையை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், குடும்பப் படம் எடுத்தால் யார் முதுகுக்காவது பின்னால் போய்த் தலை மட்டும் தெரிய நிற்கிறார்கள், விருந்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு 'நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்' என்கிறார்கள், லிஃப்டில் கடைசி ஆளாக ஏற வேண்டியிருந்தால் ஏறாமல் படிக்கட்டுப் பக்கம் போகிறார்கள், கழற்றிப் போட்டால் சரியாகிவிடுகிறது, இது என்ன துணி, என்ன சாயம் என்று பையர் கேட்டிருந்தார்.

நவநீதன் இதை, மாதிரிச் சட்டை தைத்துப் பார்க்கும் சாம்பிள் செக்‌ஷனில் நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். மூலை மேசையில் பூங்கொடி நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையணை என்ற இடத்தில் அவள் காது சிவந்தது. படம் என்ற இடத்தில் கை நின்றது. லிஃப்ட் என்ற இடம் வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள், ஏனென்றால் கோயமுத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் அவள் கடைசி ஆளாக ஏறியபோது பாரம் அதிகம் என்று லிஃப்ட் கூவி, உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகு அவள் எந்தக் கட்டடத்திலும் லிஃப்டில் ஏறியதில்லை, அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

"அது துணியில்லீங்," என்றாள் பூங்கொடி. "அது நான்தானுங்."

அவள் சொன்னது சரிதான். டபுள் எக்ஸெல் சட்டையைப் போட்டு அளவு பார்க்க பையர் அனுப்பியிருந்த ஃபைபர் பொம்மை வந்து இறங்கும்போதே தோள் உடைந்துபோயிருந்தது; புதுப் பொம்மை வருகிற வரைக்கும் என்ன செய்வது என்று கட்டிங் மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அவர் கண்ணில் பட்டவள் பூங்கொடி. சும்மா போட்டுப் பாரு என்றார். தைத்த சட்டை அவளுக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது. அதோடு புதுப் பொம்மை வாங்குகிற பேச்சு நின்றது, பூங்கொடிக்கு 'டபுள் எக்ஸெல் அக்கா' என்று பெயர் ஆனது. உலகத்தில் எந்த மூலையிலிருந்து பெரிய அளவுக்கு ஆர்டர் வந்தாலும் முதல் சட்டை அவள் உடம்பில்தான் ஏறும். அவள் கையைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் நடுவில் நிற்க வேண்டும், மாஸ்டர் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை, குறுக்கு இத்தனை என்று கோயில் ஏலம் மாதிரி சத்தமாகச் சொல்வார், அந்தக் கோடியில் இருக்கிற பையன் கேட்டு எழுதுவான், நடுவில் இருக்கிற நாற்பது பேரும் கேட்டுச் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பது என்றால் நம் ஆட்கள் சும்மா இருக்கிற அளவுக்குத்தான். அந்த நேரத்தில் பூங்கொடியின் மனதுக்குள் என்ன ஓடியதோ அது தையலுக்குள் இறங்கி, கட்டிங் மேசைக்குப் போய், தையல் மெஷின்கள் ஓடும் பவர் டேபிளுக்குப் போய், பெட்டிக்குள் மடிந்து, கப்பலேறி, டென்மார்க்கில் ரொட்டிக் கடை வரிசையில் போய் நின்றது.

இதைக் கேட்டு யாரும் வாய் பிளக்கவில்லை. சாயம் ஏறுகிறது, வேர்வை ஏறுகிறது, மனசு மட்டும் ஏறாதா என்றார்கள். சென்னியப்பன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வாஷிங்ல போயிருமா?"

போகவில்லை. வாஷிங் யூனிட்டுக்கு அனுப்பி மூன்று முறை சாஃப்ட்னர் போட்டு அலசியதில் அந்த உணர்ச்சி மெத்தென்று ஆனதே தவிர அழியவில்லை. வெளிர் நிறத்தில் அது கூடுதலாகத் தெரிகிறது, கறுப்பில் கொஞ்சம் அடங்குகிறது என்று சாயப்பட்டறைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். விஷயம் டீக்கடைகளுக்கு வந்ததும் ஊர் அதைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது. காலையில் காரணமில்லாமல் எரிந்து விழுந்த ஆண்கள், பனியனைச் செக்கிங் பண்ணினவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருப்பான், நான் என்ன பண்ண என்றார்கள். குழந்தைத் துணி தைக்கிற கம்பெனி ஒன்று சதா சிரிக்கிற குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு அலைந்தது. பூங்கொடியின் மனதில் இருந்தது என்ன, அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரவர் வாயைத்தான் அவரவர் பொத்திக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

நம் ஊரில் வணக்கம் என்பது மேடைக்கு மட்டும்தானே. தெருவில் ஓர் ஆளைப் பார்த்தால் 'என்ன இளைச்சுட்டீங்க', 'என்ன பெருத்துட்டீங்க', 'என்ன கறுத்துப் போயிட்டீங்க' என்றுதான் பேச்சு தொடங்கும், தொடங்கினவர் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுவார், கேட்டவர் அதை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவார். கேட்டால் பாசம் என்பார்கள். பூங்கொடிக்கு முப்பத்தாறு வயது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாத்தியார் சொன்னது, பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னது, கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றாகத் தட்டிப்போய்க் கடைசியில் நின்றே போன பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி 'ஒரு சீட்டுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கோணும்' என்று சிரித்துக்கொண்டே சொன்னது எல்லாம் பாசம்தான். இத்தனை பாசத்தை ஓர் உடம்பு எங்கே வைத்துக்கொள்ளும்?

சென்னியப்பன் கெட்ட மனிதர் இல்லை. சரக்கில் பழுது வந்தால் பழுதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பூங்கொடியைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு அடுத்த சாம்பிளைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அவள் உடம்பைப் பற்றி யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் நல்லதாகப் பேச வேண்டும் என்று வருகை பதிகிற பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினார்கள். அதற்கு மேல் சென்னியப்பன், கோயமுத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து, உணர்வு நுண்ணறிவு வகுப்பு எடுக்கச் சொன்னார். கோட்டுப் போட்டிருந்த பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார். மனதில் இருப்பதற்குப் பெயர் வையுங்கள், பெயர் வைத்தால் பாதி பாரம் குறையும் என்றார். பிறகு பூங்கொடியை எழுப்பி, இந்த நொடியில் உங்களுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"கடுப்பா இருக்குதுங்."

கேன்டீன் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார்.

"அது எதிர்மறை உணர்வும்மா. நல்லதா ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

பெயர் வை என்றார்கள், வைத்தால் அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்கிறார்கள். பூங்கொடி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து கம்பெனி முழுக்க அவளைச் சந்தோஷப்படுத்த இறங்கியது. அங்கேதான் நம் ஆட்கள் தவிர வேறு யாரும் செய்ய முடியாத அந்தத் தப்பு நடந்தது. ஒருவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றால் அவர்களுக்குத் தெரிந்த ஆகப் பெரிய நல்ல வார்த்தை எது? வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார், "ஏனுங்கக்கா, நெம்ப எளைச்சுட்டீங்களாட்ட இருக்குது!" பவர் டேபிள் பெண்கள் சொன்னார்கள், கேன்டீனில் குழம்பு ஊற்றுகிறவர் சொன்னார், இடுப்பு அளவை நூல் பிசகாமல் அறிந்த கட்டிங் மாஸ்டரே கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், சென்னியப்பன் தன் கேபினிலிருந்து வெளியே வந்து, "அம்மிணி பாதியாயிட்டியே!" என்றார். பொய் என்று பூங்கொடிக்குத் தெரியும். அவளுடைய சுடிதார் அவளிடம் பொய் சொல்லாது. இருந்தும், ஆயுசில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைக் கேட்டிராத அந்த மனுஷி, கேட்கக் கேட்கக் குளிர்ந்து போனாள். மத்தியானச் சாப்பாட்டில் பாதியைக் கொட்டினாள், இன்னும் யாராவது சொல்வார்களா என்று படி இறங்கிப் படி ஏறினாள், அந்தக் குளிர்ச்சியோடேயே கையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சாம்பிளைப் போட்டு நின்றாள். அந்த லாட்டும் கப்பலேறியது.

இந்த முறை பையரின் மெயில் முதல் வரியில் நன்றி சொன்னது. யாரும் சட்டையை இழுப்பதில்லை, எல்லாரும் உற்சாகமாக இருக்கிறார்கள் என்றது. இரண்டாவது வரியில், அவர்கள் தட்டில் பாதியை அப்படியே தள்ளி வைக்கிறார்கள் என்றது. சொந்தப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை நுனி நாக்கில் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள், காலையில் கண் விழித்ததும் எடை மெஷினில் ஏறுகிறார்கள், ஒருவரையொருவர் பார்த்தால் 'இளைத்துவிட்டாய்' என்று சொல்லிக்கொள்கிறார்கள், எங்கள் ஊரில் ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவர் பேசுகிற வழக்கமே கிடையாது, இதை எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, இந்தப் பிரச்சினை தீரும் வரை உங்கள் சரக்கு வேண்டாம் என்று முடித்திருந்தார். நவநீதன் வாசித்து முடித்ததும் பூங்கொடி அழவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். கைதான் வலித்தது.

திரும்பி வந்த சரக்கையும் தங்கிப்போன சரக்கையும் என்ன செய்வது? வழக்கம்போல, மலிவுத் துணிக்கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்கு, பழுதென்று கழித்த செகண்ட்ஸ் சரக்காகப் போனது. சட்டை ஓரமாக ஒதுங்கி நிற்கச் சொல்லும், பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கச் சொல்லும் என்று ஊருக்கே தெரியும்; தெரிந்துதான் வாங்கினார்கள், மலிவாயிற்றே. நைட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு தண்ணி பிடித்தார்கள், சீலைக்கு மேலே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு பெண்களை ஒடுங்க வைத்த அதே சட்டையைத் திருப்பூரில் தெருத்தெருவாகப் போட்டுத் திரிந்தார்கள், ஒருத்தியும் வந்து ஒரு புகார் சொல்லவில்லை.

"பாத்தியா," என்றார் சென்னியப்பன். "நம்ம பொம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. அவங்களுக்குத்தான் நோஞ்சான் மனசு."

பூங்கொடிக்கு அந்தப் பேச்சில் ஏதோ உறுத்தியது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

முதல் லாட்டிலும் இரண்டாவது லாட்டிலும் பாதி கானா நாட்டுக்கும் போயிருந்தது. அங்கே கடைகள் வைத்திருந்த அட்வோவா என்கிற அம்மா மெயில் எதுவும் அனுப்பாமல் நேரே விமானம் ஏறி வந்து இறங்கினார். பூங்கொடியைப் போலவே பெரிய உடம்பு, மஞ்சளும் பச்சையுமாகத் தரை தொடுகிற கவுன், தலையில் அதே துணியில் ஒரு கட்டு. சாம்பிள் செக்‌ஷனுக்குள் அவர் நடந்து வந்தபோது நடைபாதையில் நின்றவர்கள் தாங்களாகவே விலகினார்கள். பூங்கொடியைக் காட்டினார்கள். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, மொழிபெயர்க்க வேண்டிய நவநீதன் கூச்சத்தில் நெளிந்தான்.

"அக்கா... நீங்க நல்லாப் பெருத்திருக்கீங்களாம்."

"இதைச் சொல்லவா அத்தன தூரம் பறந்து வந்தாங்க?" பூங்கொடிக்குச் சுறுசுறுவென்று ஏறியது.

"இல்லீங்கக்கா, அவங்க ஊருல அது நல்ல வார்த்தையாமா. வீட்டுல வெளைச்சல் நல்லா இருக்குது, மனசுல கொறையில்லன்னு அர்த்தமாமா. நாம புது வீடு கட்டிட்டீங்களான்னு கேக்கற மாதிரி."

அதே வார்த்தை. பூங்கொடி திகைத்துப் போனாள். ஓர் இடத்தில் வீடு கட்டுகிற அதே வார்த்தை, இங்கே அவளை முப்பத்தாறு வருடமாக இடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அட்வோவா வாழ்த்திவிட்டுப் போக வந்தவர் இல்லை. குரலை உயர்த்தினார். அவருடைய சித்திமார்கள், பெரியம்மாமார்கள், கல்யாண மண்டபத்துக்குள் கையை வீசிக்கொண்டு முதல் ஆளாக நுழைந்து, முதல் வரிசையில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், இந்தச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து கடைசி வரிசையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருகிறார்களாம். எங்கள் வீட்டில் இல்லாத ஒன்றைப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டீர்கள், யார் என் சித்தியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது என்று கேட்டார்.

"அங்க போயி உக்காந்தது நான்தானுங்," என்றாள் பூங்கொடி. "உங்க சித்தி இல்லீங்."

நவநீதன் அதை அப்படியே சொன்னான். அட்வோவா பூங்கொடியை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நாளைக்குக் காலையில் புதுச் சாம்பிளை இவள் போட்டு நிற்கட்டும், இவள் கழற்றியதும் நான் போடுகிறேன், என் கை சட்டை நுனிக்குப் போனால் நான் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் மிச்சமிருந்த பெரிய ஆர்டர் அது ஒன்றுதான். அது போனால் சாம்பிள் செக்‌ஷனை மூட வேண்டியதுதான் என்று சென்னியப்பன் வெளிப்படையாகவே சொன்னார், சொல்லிவிட்டு, "நல்லதா நெனச்சுக்கிட்டு நில்லு அம்மிணி, அது போதும்," என்றார். நாற்பது பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்டது ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது, அதனால் அவளால் அவர்களைத் திட்டவும் முடியவில்லை. நினை என்றால் நினைப்பதற்கு நல்லது என்ன குழாயிலா வருகிறது?

அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தாள். வரிசையாக ஆறு குடித்தனம் இருக்கிற லைன் வீட்டில் கடைசி வீடு அவர்களுடையது, அவளும் அம்மா ராமாத்தாளும். அம்மா தட்டில் தோசையைப் போட்டாள், போட்டுக்கொண்டே, "கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதா அம்மிணி, நாலு பேரு கேக்கறாங்கல்ல," என்றாள், சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொரு தோசையைப் போட்டாள். இது தினமும் நடப்பது. பூங்கொடி தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அம்மா நைட்டிக்கு மேலே போட்டிருந்த சட்டை கண்ணில் பட்டது. முதல் லாட். வெளிர் நீலம், ஆக மோசமாக வேலை செய்கிற நிறம்.

"அம்மா! அதக் கழட்டு! அது எங்க வாங்குன?"

"காதர்பேட்டைலதான். ரெண்டு எடுத்தேன். ஏன் இப்பிடிக் கத்தற?"

"அது எங்க கம்பெனில ரிஜெக்ட் ஆனது. போட்டவங்கல்லாம் ஒடுங்கிப் போயிருக்கறாங்க."

"எதுக்கு? நல்லாத்தான் இருக்குது. வேர்வையக்கூட இழுத்துக்குது."

"உனக்கு ஒண்ணுமே தோணலியா? மூடிக்கோணும்னு, ஓரமா நிக்கோணும்னு, நாலு பேரு முன்னால சாப்படக் கூடாதுன்னு..."

ராமாத்தாள் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், தேடிப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணும் இல்லியே கண்ணு," என்றாள். "அது எப்பவும் இருக்கறதுதான?"

சொல்லிக்கொண்டே இடது கையால் சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டாள். அந்தக் கையைப் பூங்கொடி பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். சட்டை இல்லாத நாட்களில் அது முந்தானையை இழுத்து வயிற்றை மூடும். வீட்டில் இருக்கிற கல்யாணப் படம், காதுகுத்துப் படம் எதை எடுத்தாலும் அம்மா யாருக்காவது பின்னால் தலை மட்டும் தெரிய நிற்பாள். அப்பா இருந்த காலத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள், யார் கேட்டாலும் 'நான் அப்பவே சாப்பிட்டேன்' என்பாள். பூங்கொடிக்குச் சென்னியப்பன் சொன்னது இப்போது பிடிபட்டது. நம் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஆவதற்கு மேற்கொண்டு என்ன மிச்சம் இருந்தது? ஊர் முழுக்கப் பெண்கள் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தார்கள், ஒருத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கப்பலில் போனது தன்னுடையது என்று பூங்கொடி நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே செகண்ட்ஸில் வந்ததுதான்.

அம்மாவைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, இரண்டும் முடியவில்லை. தள்ளிவிட்ட தட்டை இழுத்துத் தோசையைத் தின்றாள். இன்னொன்று போடு என்றாள். அம்மா போட்டாள், வழக்கமான வார்த்தை வாய் வரை வந்தது, மகளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினாள்.

காலையில் சாம்பிள் செக்‌ஷன் கல்யாண வீடு மாதிரி இருந்தது. யாரோ ஜிலேபி வாங்கி வைத்திருந்தார்கள், யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள், அட்வோவாவுக்கு நடுவில் நாற்காலி, சுற்றிலும் நாற்பது சிரிப்பு. பூங்கொடி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பாட்டை நிறுத்துங்கள் என்றாள். சிரிக்காதீர்கள் என்றாள். கட்டிங் மாஸ்டர் டேப்போடு பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினாள்.

"இங்க குடுங்."

"நீ எப்பிடி அம்மிணி, நாந்தான..."

"என்ற ஒடம்பு. நானே சொல்றேன்."

டேப்பைத் தன் மேல் தானே சுற்றிப் பிடித்தாள். மார்பு நாற்பத்தெட்டு என்றாள், கோடியில் இருக்கிறவனுக்கு மட்டும் இல்லை, கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் கேட்கிறமாதிரி. இடுப்பு நாற்பத்தாறு, எழுது. எழுதியாச்சா? சத்தமாச் சொல்லு எழுதியாச்சுன்னு. அவள் நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்ட அம்மாவை நினைத்தாள், பஜ்ஜியைத் தின்றவர்களை நினைத்தாள், பாதியாயிட்டியே என்று பொய் சொன்னவரை நினைத்தாள், அந்தப் பொய்யில் குளிர்ந்துபோன தன்னையும் நினைத்தாள், நினைக்க நினைக்க உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கோபம் ஏறியது, அந்தக் கோபத்தில் தன் உடம்பின் மேல் ஒரு துளிகூட இல்லை என்பதை அவள் கவனித்தாள். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. சட்டை இரண்டு முறை மேலே ஏறியது, அவள் கீழே இழுத்துவிடவில்லை.

கழற்றிக் கொடுத்தாள். அட்வோவா உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நாற்பது பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். கை சட்டை நுனிக்குப் போகவில்லை, இடுப்புக்குப் போனது. புருவம் நெரிந்தது. சென்னியப்பன் பக்கம் திரும்பி, இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஏன் ஒரே ஒரு ஃபேன் ஓடுகிறது, இவளை ஏன் நடுவில் நிறுத்தி அளக்கிறீர்கள், உங்கள் இடுப்பு எத்தனை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். சென்னியப்பன் நவநீதனிடம் மெதுவாக, "இது விக்குமாடா?" என்றார். அட்வோவாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முதலாளிகள் அந்தக் கேள்வியைக் கேட்கிற முகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். விற்கும் என்றார்.

விற்றது. டென்மார்க்காரரும் திரும்பி வந்து கேட்டு வாங்கினார். சட்டை நுனியை யாரும் இழுக்கவில்லை, நீளத்தை மறுபடி குறைத்துவிடுங்கள் என்று மட்டும் மெயில் வந்தது. மற்றபடி, ஒரு பெண்ணைப் புகைப்படக்காரர் ஓரமாக நிற்கச் சொன்னதற்கு அவள் கேமராவை வாங்கிக்கொண்டு அவரை ஓரமாக நிற்க வைத்தாளாம். இதைப் பழுது என்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

நீளம் குறைத்துத் தைத்த லாட்டில் செகண்ட்ஸ் ஒன்றிரண்டுதான் விழுந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தாள் பூங்கொடி, என்ன ஏது என்று ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராமாத்தாள் அதை நைட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு லைன் வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டாள். கொடி உயரம். இரண்டு கையையும் தூக்கியதும் சட்டை வயிற்றுக்கு மேலே ஏறியது. வாளியோடு பக்கத்தில் நின்ற பூங்கொடி அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது வீட்டுத் தனபாக்கியம் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்கக்கா, அம்மாளும் மகளும் போட்டி போட்டுக்கிட்டுப் பெருக்கறீங்களாட்ட இருக்குது!"

இடது கை இறங்க ஆரம்பித்தது. பாதி தூரம் வந்தது. நின்றது.

"ஆமா," என்றாள் ராமாத்தாள். "அதுக்கு இப்ப என்னங்கற?"

"இல்லீங்கக்கா... ஒரு பாசத்துலதான்..."

"பாசம்னா சாப்ட்டீங்களான்னு கேளு."

தனபாக்கியம் உள்ளே போய்விட்டாள். ராமாத்தாளுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது, தான் பேசியதைத் தானே நம்பாதவள்போல் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"இருந்தாலும் அம்மிணி, நீயும் கொஞ்சம்..."

பூங்கொடி காத்திருந்தாள். அம்மா அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"என்ன பாத்துட்டு நிக்கற? அந்தச் சீலைய எடு."

பூங்கொடி எடுத்துக் கொடுத்தாள். ராமாத்தாள் இரண்டு கையையும் மேலே தூக்கி, சீலையை உதறி, கொடியில் போட்டு, நுனிவரைக்கும் நிதானமாக இழுத்து விரித்தாள். அத்தனை நேரமும் அவள் சட்டை வயிற்றுக்கு மேலேதான் இருந்தது.